பட்டமளிப்பும் ஆடிப்பட்டமும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

பட்டம் என்று சொன்னால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆடிப்பட்டம், தைப்பட்டம், மாசிப்பட்டம்தான். பட்டம் தவறினால் விளைச்சல் தவறும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு பட்டமும் இருக்கிறது. ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு விழா நடக்கிறது. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, கையில் சுருட்டிய காகிதத்தோடு பிள்ளைகள் வரிசையாக நிற்கிற படம் பேப்பரில் வருகிறது. தங்கப் பதக்கம் வாங்கிய பெண்ணின் பக்கத்தில் அவளுடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

போன வாரம் ராசிபுரம் பக்கத்தில் ஒரு டீக்கடையில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். "ஏனுங்க ஆபீசர், வருசா வருசம் இத்தனை பேரு விவசாயத்துல பட்டம் வாங்குறாங்க. பேங்குக்குப் போறாங்க, கலெக்டராப் போறாங்க. எங்க காட்டுக்கு அதனால என்னங்க ஆச்சு?"

நியாயமான கேள்விதான். நானும் அப்படி ஒரு பட்டம் வாங்கியவன் என்பதால் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் இன்றைய பேச்சுக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகம் எதற்காக?

நம் மாநிலத்தில் விவசாயப் படிப்பு 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியாகத் தொடங்கியது. 1906-ல் அது கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது. 1920-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1971 ஜூன் மாதம் முதல் தேதி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்று தனியாக நின்றது. கால்நடைப் படிப்பு 1903-ல் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியோடு தொடங்கியது. நம்ம நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் வந்தது. 1989-ல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. இந்தியாவில் கால்நடைக்கென்று தனியாக அமைந்த முதல் பல்கலைக்கழகம் அதுதான்.

இந்த மாதிரிப் பல்கலைக்கழகம் என்ற யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1862-ல் அந்த நாட்டு அரசு ஒரு சட்டம் போட்டு, மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அந்த நிலத்தின் வருமானத்தில் விவசாயமும் தொழிலும் கற்றுக்கொடுக்கிற கல்லூரி நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. குடியானவன் பிள்ளையும் படிக்க வேண்டும், படித்தது குடியானவனுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த வழியில் இந்தியாவில் முதல் வேளாண் பல்கலைக்கழகம் 1960-ல் பந்த் நகரில் தொடங்கியது. பிறகு மாநிலம்தோறும் வந்தன.

இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு மூன்று வேலை. ஒன்று பாடம் சொல்வது. இரண்டு ஆராய்ச்சி செய்வது. மூன்று அதை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. ஏர் ஓட்ட மாடு வேண்டும், கலப்பை வேண்டும், ஆள் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் உழவு நடக்காது. அதுபோலத்தான் இதுவும். பட்டமளிப்பு விழாவில் நாம் பார்ப்பது முதல் வேலையின் பலனை மட்டும்தான். மற்ற இரண்டும் மேடையில் தெரியாது. அவை உங்கள் காட்டில்தான் தெரியும்.

இந்த மூன்றாவது வேலையில் வானொலிக்கும் பங்கு உண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. அதைப் பற்றி வானொலியில் கேட்டுக் கேட்டே தஞ்சாவூர் விவசாயிகள் பயிர் செய்தார்கள். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. விதை ஒரு இடத்தில் பிறந்தது, சொல் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது.

நம் குச்சிக்கிழங்கில் நடந்த கதை

பழைய கதை போதும், நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, பெத்தநாயக்கன்பாளையம், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் மரவள்ளி இருக்கிறது. நாம் குச்சிக்கிழங்கு என்போம். கிழங்கை வண்டியில் ஏற்றி சேகோ மில்லுக்கு அனுப்பினால் பாயிண்ட் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள். மாவுச்சத்து குறைந்தால் பாயிண்ட் குறையும், பாயிண்ட் குறைந்தால் பணம் குறையும்.

2020-ல் இந்தப் பயிருக்கு ஒரு கேடு வந்தது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதலில் தெரிந்தது. பிறகு நம் சேலம், நாமக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் பரவியது. செடியின் நுனியில் இலைகள் சுருண்டு, கொத்துக் கொத்தாகக் கூடிக்கொண்டன. கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து தண்டு முறுக்கிக்கொண்டது. நுனியைப் பிரித்துப் பார்த்தால் மாவு தூவினாற்போல இளஞ்சிவப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள். அதுதான் மரவள்ளி மாவுப்பூச்சி.

அந்த நேரத்தில் பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு விவசாயி என்னைக் கூப்பிட்டார். மூன்று ஏக்கர் மரவள்ளி. போய்ப் பார்த்தேன். மருந்து அடிக்கச் சொன்னேன். அடித்தார். பத்து நாள் கழித்து மறுபடியும் பூச்சி. மறுபடியும் அடித்தார். நாலாவது முறை அடித்த பிறகு அவர் சொன்னார், "சார், பூச்சி சாகல. கடன்தான் ஏறுது." அவர் வயலில் பொறிவண்டும் இல்லை, தேனீயும் இல்லை, மாவுப்பூச்சி மட்டும் இருந்தது. அது மெழுகு போர்த்திக்கொண்டு சுருண்ட இலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. மருந்து அதன் மேல் படுவதே இல்லை. படுவதெல்லாம் நமக்கு நன்மை செய்கிற பூச்சிகள் மேல்தான். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி. இந்தப் பூச்சி நமக்குப் புதிது, உலகத்துக்குப் புதிது அல்ல. மரவள்ளியின் தாய்நாடு தென் அமெரிக்கா. இந்தப் பூச்சிக்கும் அதுவே தாய்நாடு. 1970-களில் எப்படியோ இது ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. அங்கே கோடிக்கணக்கான மக்களுக்கு மரவள்ளிதான் சோறு. சில இடங்களில் பத்தில் எட்டுப் பங்கு வரை விளைச்சல் போயிற்று. அப்போது ஹான்ஸ் ஹெரன் என்பவர், சுவிட்சர்லாந்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படித்துப் பட்டம் வாங்கியவர், நைஜீரியாவில் இருந்த பன்னாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் ஒரு கேள்வி கேட்டார். 'தென் அமெரிக்காவில் இந்தப் பூச்சி ஏன் இவ்வளவு பெருகவில்லை? அங்கே இதைத் தின்கிற எதிரி ஏதோ இருக்க வேண்டுமே?' தேடினார்கள். 1981-ல் பராகுவே நாட்டில் அந்தப் பூச்சி கிடைத்தது. அதைத் தாக்குகிற ஒரு சின்னக் குளவியும் கிடைத்தது. அனகைரஸ் லோபெசி என்று பெயர். அதை ஆப்பிரிக்காவில் கொண்டுபோய் விட்டார்கள். நாடு நாடாகப் பரவி அது பூச்சியை அடக்கியது. 1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. பிற்பாடு தாய்லாந்திலும் இதே பூச்சி வந்தது, அங்கும் இதே குளவி போய் வேலை செய்தது.

நம் நாட்டுக்குப் பூச்சி வந்ததும் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆதாரங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து 2021-ல் அந்தக் குளவியை வரவழைத்தது. உடனே திறந்து விட்டுவிடவில்லை. தனிமைப்படுத்தி வைத்து, இது வேறு எதையாவது கெடுக்குமா என்று பார்த்தார்கள். கெடுக்காது என்று தெரிந்த பிறகே வெளியில் விட்டார்கள். எங்கே விட்டார்கள் தெரியுமா? 2022 மார்ச் மாதம், நம் ஏத்தாப்பூரில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்.

அந்தக் குளவி இரண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது. மனிதரைக் கொட்டாது. செடியைத் தின்னாது. அதன் வேலை ஒன்றுதான். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வருகிற புழு பூச்சியை உள்ளேயிருந்தே தின்னும். பூச்சி உப்பிப் பழுப்பு நிறத்தில் கூடு மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். அது அடுத்த பூச்சியைத் தேடிப் போகும். ஒருமுறை விட்டால் போதும், தானாகவே பெருகிக்கொள்ளும்.

நான் சொன்ன அந்த விவசாயியிடம் குளவியைப் பற்றிச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "பூச்சிக்குப் பூச்சியா? ஒண்ணுக்கு ரெண்டாப் போயிருமே சார்" என்றார். மருந்து அடிப்பதை மட்டும் நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். நிறுத்தினார். சில மாதம் கழித்துப் போனபோது நுனி விரிந்து புதுத் தழை வந்திருந்தது. பழுப்புக் கூடுகளை அவரே பிரித்து எனக்குக் காட்டினார். இப்போது பக்கத்துக் காட்டுக்காரர் மருந்து டேங்க்கைத் தூக்கினால் அவர்தான் ஓடிப்போய்த் தடுக்கிறார்.

இது முதல் முறையும் அல்ல. 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தெரிந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் அது பிடித்துக்கொண்டது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வரவழைத்தார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். ஒட்டுண்ணியை வளர்த்த கைகளில் பட்டம் வாங்க வேண்டிய மாணவர்களின் கைகளும் உண்டு. ஒரு பூச்சி எத்தனை நாளில் முட்டையிடுகிறது, எத்தனை நாளில் சாகிறது என்று மாதக்கணக்கில் எண்ணி எழுதிக்கொண்டிருப்பது ஆராய்ச்சி மாணவன் வேலை. மேடையில் அவன் வாங்குகிற காகிதத்துக்குப் பின்னால் அந்த எண்ணிக்கை இருக்கிறது.

உங்கள் காட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

மரவள்ளி போட்டிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஒன்று: விதைக்குச்சியைப் பூச்சி இல்லாத காட்டிலிருந்து எடுங்கள். மாவுப்பூச்சி ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் குச்சியோடுதான். வெளியூர்க் குச்சியை விலை மலிவு என்று வாங்கி வந்து கண்ணை மூடிக்கொண்டு நடக் கூடாது.

இரண்டு: தேமல் நோய் இருக்கிற செடியில் குச்சி எடுக்காதீர்கள். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அது தேமல். வெள்ளை ஈயும் பரப்பும், குச்சியும் பரப்பும். தேமலைத் தாங்குகிற ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்களைத் திருவனந்தபுரம் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. உங்கள் மண்ணுக்கும் மில்லுக்கும் எது ஏற்றது என்று ஏத்தாப்பூர் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று: நட்ட பிறகு வாரம் ஒரு முறை நுனிகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு செடியில் சுருட்டல் தெரிந்தால் நுனியைப் பிரித்துப் பாருங்கள். பழுப்புக் கூடு இருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நுனியை எரிக்காதீர்கள், விட்டுவிடுங்கள்.

நான்கு: எறும்பு சாரை சாரையாக ஏறினால் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவியை விரட்டும். வரப்பில் களை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஐந்து: கடைக்காரர் சொன்னார் என்று கடும் மருந்து அடிக்காதீர்கள். அடித்தால் முதலில் சாவது குளவிதான். பூச்சி அதிகமாக இருந்து குளவியே தென்படாவிட்டால், தோட்டக்கலை அலுவலரையோ ஏத்தாப்பூர் நிலையத்தையோ கேட்டுவிட்டு அவர்கள் சொல்படி செய்யுங்கள்.

ஒரு ரகம் எப்படிப் பிறக்கிறது?

பல்கலைக்கழகத்தின் சாதனை என்று பேப்பரில் போடும்போது 'புதிய ரகங்கள் வெளியீடு' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய பத்து வருட உழைப்பு இருக்கிறது. முதலில் இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்ப்பார்கள். பிறக்கிற ஆயிரக்கணக்கான செடிகளில் நல்லதைப் பொறுக்குவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, ஒரே சீராக வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஆராய்ச்சி நிலையத்தில் சோதனை, பல ஊர்களில் சோதனை. கடைசியாக விவசாயிகள் நிலத்திலேயே சோதனை. அதில் உங்களைப் போன்றவர் நிலத்தில் தோற்றுப்போன ரகம் வெளியே வராது. ஆகவே ரகத்தின் பரீட்சைக்குக் கடைசி வாத்தியார் விவசாயிதான்.

இப்படி வந்ததுதான் 2013-ல் வெளியான கோ 51 நெல். நம் பக்கத்தில் ஆடு, மாடு வைத்திருக்கிறவர்கள் வரப்பில் வளர்க்கிற கோ எப்.எஸ். 29 என்ற தீவனச் சோளமும் இப்படித்தான் வந்தது. அதை ஒருமுறை விதைத்தால் மறுபடி மறுபடி அறுக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். தீவனச் சோளத்தைப் பிஞ்சாக அறுத்துப் போடாதீர்கள். இளம் தட்டிலும் தண்ணீர் இல்லாமல் வாடிய தட்டிலும் விஷத்தன்மை இருக்கும். முதல் அறுவடையைப் பூத்த பிறகு செய்யுங்கள்.

மஞ்சள் போடுகிற நாமகிரிப்பேட்டை விவசாயிகளுக்கு பி.எஸ்.ஆர். 1, பி.எஸ்.ஆர். 2 என்ற பெயர்கள் தெரிந்திருக்கும். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை அவை. ஆமணக்கு போடுகிறவர்களுக்கு ஒய்.ஆர்.சி.எச். 1 தெரியும். அது நம் ஏத்தாப்பூர்ப் பிள்ளை.

இந்த ரகங்கள் உங்களுக்கு வந்து சேர்கிற வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகம் முதலில் உற்பத்தி செய்வது வல்லுநர் விதை. அதன் அட்டை மஞ்சள். அதிலிருந்து வருவது ஆதார விதை, அட்டை வெள்ளை. அதிலிருந்து வருவது சான்று விதை, அட்டை நீலம். நீங்கள் விதைக்க வாங்குவது பெரும்பாலும் நீல அட்டை விதைதான். மூட்டையில் அட்டை இருக்கிறதா, தேதி முடியவில்லையா என்று பாருங்கள், ரசீதும் வாங்குங்கள். பத்து வருட உழைப்பை ஒரு போலி மூட்டையில் தொலைத்துவிடக் கூடாது.

கால்நடையிலும் உண்டு

நாமக்கல் என்றால் முட்டை. ஆனால் கோழிப் பண்ணை வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் அல்ல கால்நடைப் பல்கலைக்கழகம். வீட்டுக் கொல்லையில் பத்து நாட்டுக்கோழி வளர்க்கிற அம்மாவுக்கும் அது உண்டு. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும். ஊசி போட ஆள் தேடி அலைய வேண்டியதில்லாமல், தீவனம் போலவே கோழி தின்கிற குருணைத் தடுப்பு மருந்தைக் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. நம் மேச்சேரி ஆட்டினத்தைக் காப்பாற்றுவதற்கென்றே பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. நல்ல கிடா வேண்டுமென்றால் அங்கே விசாரிக்கலாம். தலைவாசலில் 2021-ல் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆகவே சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்துக்கும் ஆளுக்கொரு கல்லூரி கைக்கெட்டின தூரத்தில் இருக்கிறது.

ஊருக்கு வருகிற மாணவர்கள்

வேளாண்மைப் பட்டப்படிப்பு நாலு வருடம். கடைசி வருடத்தில் மாணவர்கள் சில வாரங்கள் கிராமத்தில் வந்து தங்கிப் பயிற்சி பெற வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊருக்கும் வந்திருப்பார்கள். பள்ளிக்கூடத் திண்ணையிலோ கோயில் முன்னாலோ கோலப்பொடியால் ஊர்ப்படம் போட்டு, கிணறு எங்கே, ஏரி எங்கே, எந்தக் காட்டில் என்ன பயிர் என்று உங்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்திருப்பார்கள்.

அப்போது நம்மவர்களில் சிலர் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். "இந்தப் புள்ளைங்களுக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியுமா" என்று கேலி பேசுகிறவர்களும் உண்டு. சிலருக்குத் தெரியாதுதான். பட்டணத்தில் பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தானே உங்களிடம் அனுப்புகிறார்கள். பெரியவர்களே, அந்தப் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மண்வெட்டியைக் கையில் கொடுங்கள். உங்கள் கஷ்டத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் விஞ்ஞானியாவார், ஒருவர் பேங்கில் பயிர்க்கடன் கொடுக்கிற நாற்காலியில் உட்காருவார், ஒருவர் என்னைப் போல அலுவலராக வருவார். உங்கள் ஊரில் கற்றது அவர்களுக்கு மறக்காது. டீக்கடைப் பெரியவர் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில். பேங்குக்குப் போனாலும் காட்டைத் தெரிந்தவன் போனால் நமக்கு நல்லதுதானே?

நீங்கள் பதிலுக்கு அவர்களிடம் கேட்கவும் வேண்டும். உங்கள் மண் பரிசோதனை அட்டையைக் காட்டி, 'இதற்கு எவ்வளவு உரம்' என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அவர்களுக்கும் பாடம், உங்களுக்கும் மிச்சம்.

உங்கள் பிள்ளை ஏன் கூடாது?

கடைசியாக ஒரு செய்தி. பட்டமளிப்புப் படத்தில் நிற்கிற பெண் உங்கள் பெண்ணாக இருக்கக் கூடாதா?

பசுமைப் புரட்சிக்குப் பேர்போன டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் முதலில் விலங்கியல் படித்தவர். 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் பசியால் செத்ததைக் கேட்டு, விவசாயம்தான் படிக்க வேண்டும் என்று கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். 2023-ல் அவர் மறைந்தார். 2024-ல் அவருக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அவர் படித்த அதே கல்லூரியில் இன்று ஆத்தூர், எடப்பாடிப் பக்கத்துக் குடியானவர் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

பிளஸ் டூவில் உயிரியல் பாடம் எடுத்துப் படித்த பிள்ளை வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பம் போடலாம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இந்தத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. வீட்டில் முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளை என்றால் அதற்கான சான்றிதழைத் தாசில்தார் அலுவலகம் மூலம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ரிசல்ட் வந்த பிறகு அலையக் கூடாது. விண்ணப்பத்துக்கும் ஒரு பட்டம் உண்டு. அதுவும் ஆடிப்பட்டம் மாதிரிதான், தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு.

பெரியவர்கள் படிக்க வழியில்லை என்று நினைக்க வேண்டாம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொலைவழியில் விவசாயிகளுக்கென்றே பண்ணைத் தொழில்நுட்பம் என்ற பட்டப்படிப்பை நடத்தியிருக்கிறது. தலை நரைத்த விவசாயிகளும் அங்கி போட்டுப் பட்டம் வாங்கினார்கள். இன்றைக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. சேலம் விவசாயிகளுக்குச் சந்தியூரிலும், நாமக்கல் விவசாயிகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாட்டிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில்தான் தொடங்கியது. காளான், ஆடு வளர்ப்பு, கோழி வளர்ப்பு, தேனீ என்று எந்தப் பயிற்சி எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கட்டணமில்லாத எண்ணில் கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் பட்டம் வாங்கிய அன்று என் அப்பா வந்திருந்தார். இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டில் நிலக்கடலை போடுகிறவர். அங்கியோடு என்னைப் பார்த்ததும் அதைத் தொட்டுப் பார்த்தார். "ஏண்டா, இதைப் போட்டுக்கிட்டு உழவு ஓட்ட முடியாதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இதைக் கழட்டி வெச்சிட்டு வா. களை எடுக்கணும்" என்றார். மறுநாள் காலையில் நான் காட்டில் களைக்கொத்தோடு இருந்தேன். அங்கியை வாடகைக்கு எடுத்த கடையில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. களைக்கொத்து இன்னும் வீட்டில் இருக்கிறது.

விவசாயப் பெருமக்களே, பல்கலைக்கழகம் உங்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. அங்கே வாங்குகிற ஒவ்வொரு பட்டத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கை யாரும் வீடு தேடி வந்து கொடுக்கமாட்டார்கள். நாமேதான் கேட்டு வாங்க வேண்டும். ஏத்தாப்பூருக்குப் போய்க் கேளுங்கள், சந்தியூருக்குப் போய்க் கேளுங்கள், நாமக்கல்லுக்குப் போய்க் கேளுங்கள். ஊருக்கு வருகிற மாணவரைக் கேளுங்கள். என்னைப் போன்ற அலுவலர் தப்பாகச் சொன்னால் நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.

நாளைக்குக் காலையில் காட்டுக்குப் போகும்போது ஒரு மரவள்ளி நுனியைப் பிரித்துப் பாருங்கள். பழுப்புக் கூடு ஒன்று தெரிந்தால், அது கடல் கடந்து பராகுவேயிலிருந்து ஆப்பிரிக்கா, பெங்களூர், ஏத்தாப்பூர் வழியாக உங்கள் காடு வரை வந்த படிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.